தடைக்காலத்தில் இறங்கிய இளைப்பு: கடலூர் துறைமுகப் பக்கத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

கடலூர் முதுநகர்ப் பக்கம் இறால் உரிக்கும் வேலைக்குப் போகிற 38 வயதுப் பெண் ஒருவர் 2024 ஜூலையில் நாள்பட்ட இளைப்போடு வந்தார். கையில் ஒரு துணிக்கடைப் பை, பை நிறைய வெவ்வேறு இடத்துச் சீட்டுகள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே வார்த்தைதான் எழுதியிருந்தது: வீசிங். சிலவற்றில் ஆஸ்துமா. எதனால் என்று ஒரு சீட்டிலும் இல்லை. கூட்டம் அலைமோதுகிற புறநோயாளிப் பிரிவில் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை, அது எனக்கும் தெரியும். ஆனாலும் இவருடைய கதையில் அந்த ஒரு கேள்விதான் எல்லாமே. அதற்கான முதல் தடயம் ரத்தத்திலோ எக்ஸ்ரேயிலோ கிடைக்கவில்லை, மீன்பிடித் தடைக்காலத்தில் கிடைத்தது. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பெயர் வேண்டாம், அக்கா என்றே சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா விடியற்காலை ஐந்து மணிக்குள் ஷெட்டுக்குப் போய்விடுவார், மதியம் இரண்டு இரண்டரைக்கு வேலை முடியும். கூலி கிலோ கணக்கு. பகலில் பெரிதாக ஒன்றும் இல்லை. இரவு ஒன்பது, பத்து மணிக்கு மேல் நெஞ்சை அடைக்கத் தொடங்கும், இரண்டு மூன்று மணிக்கு எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். “வேலையில ஒண்ணும் தெரியாது டாக்டரம்மா, வீட்டுக்கு வந்து படுத்தாத்தான் இழுக்குது” என்றார். அந்த ஒரு வரியால்தான் இத்தனை வருடமும் வேலையின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வீட்டுத் தூசி, மின்விசிறிக் காற்று, தலைக்குக் குளித்தது, ராத்திரி தயிர் சாப்பிட்டது என்று பழி எல்லாவற்றின் மேலும் போயிருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்துக் காற்றுதான் காரணம் என்று வீட்டுக்காரர் உறுதியாக நம்பினார். கடலூரில் யாருக்கு மூச்சு வாங்கினாலும் முதலில் வருகிற சந்தேகம் அதுதான், வருவதிலும் தப்பில்லை. ஆனால் அந்த வாடை அடிக்கிற நாளும் இவருக்கு இழுக்கிற நாளும் பொருந்துகிறதா என்று கேட்டபோது, இல்லை என்று அக்காவே சொல்லிவிட்டார்.

சின்ன வயதில் இளைப்பு கிடையாது. குடும்பத்திலும் யாருக்கும் இல்லை. வீட்டில் கேஸ் அடுப்பு. புகை, வெற்றிலை எதுவும் இல்லை. இதுவரை எடுத்த மருந்து: மூச்சுக்குழாயை விரிக்கிற சால்புடமால் மாத்திரை, மூச்சு ரொம்ப வாங்கினால் டெரிஃபிலின் ஊசி, அதிலும் அடங்காவிட்டால் நான்கைந்து நாள் பெட்னசால் என்ற ஸ்டீராய்டு. மருந்தை மூச்சோடு இழுக்கிற பம்ப் (இன்ஹேலர்) ஒன்று வாங்கியிருக்கிறார், “அது பழகிடும்” என்று மாமியார் சொன்னதால் அது பீரோவுக்குள் போய்விட்டது.

பரிசோதனையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் விசில் சத்தம். எக்ஸ்ரே சுத்தம், சளியில் காசநோய்க் கிருமி இல்லை. கருவியில் ஊதவைத்து மூச்சை அளக்கிற ஸ்பைரோமெட்ரியில் முதல் நொடியில் ஊதிய காற்று 1.52 லிட்டர், இவருடைய வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் 70 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. சால்புடமால் கொடுத்து மறுபடி ஊதச் சொன்னதும் 1.80. அதாவது 280 மில்லி, 18 சதவீத ஏற்றம். 12 சதவீதமும் 200 மில்லியும் தாண்டினாலே மூச்சுக்குழாயின் அடைப்பு மருந்துக்கு விட்டுக்கொடுக்கிறது என்று எடுத்துக்கொள்வோம், ஆக ஆஸ்துமா என்பதில் சந்தேகமில்லை. ஒவ்வாமையில் கூடுகிற வெள்ளை அணுவான இயோசினோஃபில் ரத்தத்தில் 680. இது அதிகம்தான், ஆனால் யானைக்கால் புழுவால் வருகிற நுரையீரல் இயோசினோஃபிலியா என்றால் பொதுவாக 3000-ஐத் தாண்டியிருக்கும். ராத்திரி இருமல், இளைப்பு என்று அப்படியே ஆஸ்துமா மாதிரி வருகிற நோய் அது. நம் கடற்கரைப் பக்கம் அதை மறந்துவிடக் கூடாது என்பதால் சொல்கிறேன், அக்காவுக்கு அது இல்லை.

அப்புறம்தான் பேச்சுவாக்கில் அந்த விஷயம் வந்தது. எந்த மாதம் அதிகம் என்று கேட்டேன். “மழைக்காலம் மோசம், வெயில்ல நல்லா இருக்கும்” என்றார். எந்த வெயில் என்றேன். சித்திரை, வைகாசி. சரி, குளிர் போனதால் குறைகிறது என்று யாரும் அதோடு விட்டிருப்பார்கள். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் கிழக்குக் கடற்கரை முழுக்க விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. 2017-க்கு முன்பு 45 நாளாக இருந்தது, இப்போது 61 நாள். படகு போகாவிட்டால் வரத்து இல்லை, வரத்து இல்லாவிட்டால் ஷெட்டில் வேலை இல்லை. அக்கா வீட்டில் இருக்கிற இரண்டு மாதமும் சித்திரையும் வைகாசியும் ஒன்றின் மேல் ஒன்று அப்படியே பொருந்துகின்றன. மூச்சு நன்றாக இருப்பது வெயிலாலா, வேலை இல்லாததாலா? பஞ்சாங்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பிரிக்க முடியாது.

பிரித்துக் கொடுத்தது 2024. அந்த வருடத் தடைக்காலத்தில் இளைப்பு குறையவே இல்லை, அதனால்தான் பயந்துபோய் வந்திருந்தார். “இந்தத் தடவை வெயில்லயும் விடல.” அந்த இரண்டு மாதம் என்ன செய்தீர்கள் என்றதும் பதில் சாதாரணமாக வந்தது: கையில் காசு இல்லை, கூட வேலை செய்கிற பெண்களோடு பண்ணை இறால் உரிக்கிற வேறொரு ஷெட்டுக்குப் போனார். வளர்ப்புக் குட்டையில் பிடிக்கிற வன்னாமை இறாலுக்குத் தடைக்காலம் ஏது? 2022-லும் 2023-லும் வெயில் இருந்தது, இறால் இல்லை, இளைப்பும் இல்லை. 2024-ல் அதே வெயில் இருந்தது, இறாலும் இருந்தது, இளைப்பும் இருந்தது. இதைவிடத் தெளிவாக ஒரு சோதனையை நாமாக உட்கார்ந்து திட்டமிட்டிருந்தாலும் செய்திருக்க முடியாது.

இதற்குப் பிறகுதான் ஷெட்டில் என்னதான் நடக்கிறது என்று நுணுக்கமாகக் கேட்டேன். ஐஸ் போட்ட கூடையிலிருந்து இறாலை மேசையில் கொட்டுவார்கள். தலையைத் திருகி, ஓட்டை உரித்து, முதுகில் கறுப்பாக ஓடுகிற குடலை நகத்தால் இழுப்பார்கள். அந்த வேகத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் வரைக்கும் தண்ணீர் தெறிக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தரையை மோட்டார் ஹோஸ் போட்டுப் பீச்சியடிப்பார்கள், ஓடும் சதையும் கலந்த தண்ணீர் பனி மாதிரி எழும்பி நிற்கும். ஓரத்தில் நண்டு அவிக்கிற அண்டா, அதன் ஆவி வெளியே போக ஒரே ஒரு ஜன்னல். இறால் கறுக்காமல் இருக்க ஒரு வெள்ளைப் பொடியைக் கரைத்துத் தெளிப்பார்களாம், “அது மூக்குல ஏறும்” என்றார். சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டாகத்தான் இருக்க வேண்டும். ஈரத்தில் அது கந்தக டை ஆக்சைடு வாயுவை விடும், ஆஸ்துமாக்காரர்களுக்கு அதுவே போதும்.

இன்னொரு விஷயம், இது முக்கியம். இளைப்பு தொடங்குவதற்கு ஏறக்குறைய இரண்டு வருடம் முன்பிருந்தே ஷெட்டில் தும்மல், மூக்கில் தண்ணீர், கண்ணில் அரிப்பு. “ஐஸ் தண்ணியில கை வெக்கிறோம்ல, அதான்” என்று அங்கே எல்லோரும் சொல்லிக்கொள்வார்களாம். புரதத்தால் வருகிற தொழில்சார் ஆஸ்துமாவில் பெரும்பாலும் மூக்கு முதலில் மாட்டும், நெஞ்சு பிறகு மாட்டும். அந்தத் தும்மல் வந்த நாளில் யாராவது இதைக் கேட்டிருந்தால் கதையே வேறாக இருந்திருக்கும்.

பகலில் தும்மல், ராத்திரி இளைப்பு. இந்த இடைவெளி ஏன் என்று புரிந்துகொள்ள, குழாய்க்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒவ்வாமைக்குக் காரணமான எதிர்ப்புரதமான ஐஜிஇ-யை 1966-67-ல் அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியரும், தனியாக ஸ்வீடனில் யொஹான்சனும் பென்னிச்சும் கண்டுபிடித்தார்கள். இறாலின் புரதத்தை அடையாளம் கண்டுகொள்கிற ஐஜிஇ அக்காவின் மூச்சுக்குழாய்ச் சுவரில் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. மூச்சோடு இறால் புரதம் உள்ளே போனதும் சில நிமிடத்தில் அந்தச் செல்களிலிருந்து ஹிஸ்டமின், லூக்கோட்ரையீன் என்ற வேதிப்பொருட்கள் வெளியே கொட்டும். தும்மல், அரிப்பு, லேசான இறுக்கம் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன. இது முதல் கட்டம், ஒன்றிரண்டு மணி நேரத்தில் தணிந்துவிடும். ஆனால் அதே நேரத்தில் ஆள் சேர்க்கிற வேலையும் தொடங்கிவிட்டிருக்கும். டி-ஹெல்ப்பர் 2 வகைச் செல்களும் அவற்றின் உறவுக்காரச் செல்களும் இன்டர்லூக்கின் 4, 5, 13 என்று சில சமிக்ஞைப் புரதங்களை அனுப்பும். ஐந்தாம் எண் எலும்பு மஜ்ஜையிலிருந்து இயோசினோஃபில்களை வரவழைக்கிறது. பதின்மூன்றாம் எண் சளியைக் கூட்டுகிறது, குழாயின் உள்தோலை நைட்ரிக் ஆக்சைடு அதிகமாக விட வைக்கிறது. இந்த இரண்டாவது கட்டம் நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்துத்தான் வரும். மதியம் இரண்டு மணிக்கு ஷெட்டை விட்டு வந்தவருக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு இழுப்பதில் ஆச்சரியமே இல்லை.

இயோசினோஃபில் என்ற செல்லுக்கு பால் எர்லிக் 1879-லேயே பெயர் வைத்துவிட்டார். ஆனாலும் ஆஸ்துமா என்றால் குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகுகிற நோய், தசையைத் தளர்த்தினால் போதும் என்ற எண்ணம் 1980-கள் வரைக்கும் பலமாக இருந்தது. மூச்சுக்குழாயிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் லேசான ஆஸ்துமாவிலும் உள்தோல் உரிந்து கிடப்பதும், அடியில் அழற்சிச் செல்கள் குவிந்திருப்பதும் தெரிந்தது. அக்காவின் பையிலிருந்த சீட்டுகளோ பெரும்பாலும் அந்தப் பழைய எண்ணத்தில்தான் எழுதப்பட்டிருந்தன. சால்புடமாலும் டெரிஃபிலினும் தசையைத் தளர்த்தும், அழற்சியைத் தொடாது. பெட்னசால் தொடும், ஆனால் நான்கு நாள் கழித்து நின்றுவிடும், ஐந்தாம் நாள் விடியற்காலை மறுபடி இறால். உலக அளவிலான ஆஸ்துமா வழிகாட்டியான ஜினா 2019-லேயே சால்புடமாலை மட்டும் தனியாகக் கொடுத்து ஆஸ்துமாவை ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டது. நம் ஊரில் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லையோ என்று எனக்கு அடிக்கடி எரிச்சல் வரும்.

சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. ஒருவருடைய பிழைப்பில் கை வைக்கப் போகிறோம் என்றால் சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேசக் கூடாது. தொழில்சார் ஆஸ்துமாவுக்குப் பெரிய மையங்களில் அந்தப் பொருளையே அளவோடு முகரவைத்துச் சோதிப்பார்கள், இங்கே அது நடக்காது. எங்களுக்குக் கை கொடுத்தது பீக் ஃப்ளோ மீட்டர். எவ்வளவு வேகமாகக் காற்றை ஊத முடிகிறது என்று நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்ற கணக்கில் காட்டுகிற, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற பிளாஸ்டிக் குழாய்தான். ஒரு நாளைக்கு நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் மூன்று முறை ஊதி அதில் பெரிய எண்ணை எழுத வேண்டும், வேலை நாட்களிலும் லீவு நாட்களிலும் விடாமல். இடையில் மருந்தை மாற்றக் கூடாது.

மருந்து இல்லாமல் ஊதச் சொல்கிற நிலையில் அக்கா இல்லை. அதனால் முதலில் அழற்சியைக் குறைக்கிற பூடசோனைடும் குழாயை விரிக்கிற ஃபார்மோட்டெராலும் சேர்ந்த பம்பை, ஸ்பேசர் என்ற இணைப்புக் குடுவையோடு தொடங்கி, எப்படி இழுப்பது என்று அங்கேயே செய்ய வைத்துப் பார்த்து, மூன்று வாரம் போனபின் அதே அளவு மருந்தில் சார்ட்டை ஆரம்பித்தோம். எழுதியது எட்டாவது படிக்கிற அவருடைய மகள். நான்கு கட்டம் போட்ட நோட்டு, அம்மா ஷெட்டுக்குப் போன நாளுக்குச் சிவப்புப் பேனா, போகாத நாளுக்கு நீலம். ஒரு பக்கத்தின் ஓரத்தில் “அம்மா தூங்கிட்டாங்க, எழுப்பி ஊத வெச்சேன்” என்று குறிப்பு வேறு. என்னிடம் வருகிற சார்ட்டுகளில் பாதி கிளினிக் வாசலில் உட்கார்ந்து மொத்தமாக எழுதியவை, ஒரே பேனா, ஒரே சாய்வு, பார்த்தாலே தெரியும். இது அப்படி இல்லை, மீன் தண்ணீர் பட்டு முனை சுருண்டிருந்தது.

சிவப்பு நாட்களில் திங்கள் காலை எழுந்ததும் 330, படுக்கும்போது 260. வாரம் போகப் போகக் காலை எண்ணே இறங்கிக்கொண்டு வந்தது, சனிக்கிழமை எழுந்ததும் 270, படுக்கும்போது 210. ஞாயிறு லீவில் 280-க்கு மேல் ஏறவில்லை. இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுவார்கள். லீவு நாளிலும் மூச்சு வாங்குகிறதே, அப்படியானால் வேலை காரணமில்லை என்று முடிவுகட்டிவிடுவார்கள். ஆறு நாள் ஊறிய அழற்சி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வடியாது. அடுத்து தங்கையின் பிரசவத்துக்கு அக்கா குறிஞ்சிப்பாடிக்குப் போனார், இரண்டு வாரம். அங்கே முதல் மூன்று நாள் எண்கள் அசையவே இல்லை. நான்காம் நாளிலிருந்து ஏறின. ஒன்பதாம் நாள் 360, அதற்குப் பிறகு காலைக்கும் ராத்திரிக்கும் வித்தியாசமே இல்லாமல் ஒரே மட்டம்.

இதிலும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. குறிஞ்சிப்பாடியில் வீடும் வேறு, தலையணையும் வேறு. ஒருவேளை வீட்டு மெத்தையில் இருக்கிற தூசிப் பூச்சிதான் காரணமோ? அதிர்ஷ்டவசமாக, திரும்பி வந்து இரண்டு நாள் அக்கா வேலைக்குப் போகாமல் தன் வீட்டில் இருந்தார். அதே பாய், அதே தலையணை, எண்கள் 350-க்குக் கீழே வரவில்லை. ஷெட்டுக்குப் போன இரண்டாம் நாள் ராத்திரி 290. மருந்து அதே மருந்துதான். புதுச்சேரியில் ஓர் இடத்தில் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு அளக்கிற கருவி இருந்ததால் அதையும் பார்த்தோம்: வேலை வாரத்தின் கடைசியில் 68, குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்ததும் 29. பெரியவர்களுக்கு 50-க்கு மேல் போனால் குழாயில் இயோசினோஃபில் வகை அழற்சி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டு தடவை பஸ் ஏறிப் போய் ஊதிவிட்டு வருவதற்கு இவ்வளவு பலன் கிடைப்பது அபூர்வம்.

தோலில் குத்திப் பார்க்கும் சோதனையில் பச்சை இறாலுக்கு 7 மில்லிமீட்டர் தடிப்பு, அவித்த இறாலுக்கு 6, நண்டுக்கு 5. தூசிப் பூச்சிக்கு 4, கரப்பானுக்கு 3. வஞ்சிரம், சங்கரா போன்ற துடுப்பு மீன்களுக்கு ஒன்றுமில்லை. தூசிப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் தடித்ததை வைத்து “இவருக்கு எல்லாமே அலர்ஜி” என்று சொல்லிவிடக் கூடாது. இறாலின் முக்கிய ஒவ்வாமைப் புரதம் ட்ரோபோமயோசின், தசையில் இருக்கிற புரதம். கிட்டத்தட்ட அதே அமைப்பில் அது தூசிப் பூச்சியிலும் கரப்பானிலும் உண்டு, அதனால் ஒன்றுக்கு உருவான ஐஜிஇ மற்றதையும் பிடிக்கலாம். ட்ரோபோமயோசின்தான் இறாலின் முக்கிய ஒவ்வாமைப் புரதம் என்று 1993-ல் காட்டிய குழுக்களில் ஒன்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பி.வி. சுப்பாராவின் குழு. அவர்கள் எடுத்துக்கொண்டது நம் கடலில் கிடைக்கிற வெள்ளை இறாலைத்தான், பினேயஸ் இண்டிகஸ். கொதிக்கவைத்தாலும் அந்தப் புரதம் குலையாது என்பதையும் அதற்கு முன்பே காட்டியிருந்தார்கள். நண்டு அண்டாவின் ஆவியை நான் ஏன் அவ்வளவு தூரம் விசாரித்தேன் என்பதற்குக் காரணம் இதுதான்.

“நான் இறால் தொக்கு சாப்பிடறேனே டாக்டரம்மா, ஒண்ணும் ஆகலையே?” என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. மூச்சு வழியாக ஒவ்வாமை வந்த சிலர் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாமல் இருப்பது உண்டு, நாளடைவில் சாப்பாட்டுக்கும் வந்துவிடுகிறவர்களும் உண்டு. இப்போதைக்குச் சாப்பிடலாம், ஆனால் உதடு வீங்கினாலோ உடம்பு தடித்தாலோ அன்றோடு விட்டுவிட வேண்டும், வீட்டில் இறால் சமைக்கும்போது அடுப்பு ஆவிக்கு நேராக நிற்க வேண்டாம் என்று சொல்லியனுப்பினேன்.

அந்த வெள்ளைப் பொடியின் பங்கு எவ்வளவு? அது எரிச்சலைக் கூட்டியிருக்கும். ஆனால் தோல் சோதனையும், விட்டு நின்றபின் ஒரு வாரத்துக்கு மேல் எடுத்து இறங்கிய அழற்சியும் எரிச்சல் கதைக்குப் பொருந்தவில்லை. வெறும் வாயு எரிச்சல் என்றால் பொடிக் கரைசலைத் தெளிக்கிற நேரத்தில் வந்து, வெளியே வந்ததும் பெரும்பாலும் போய்விடும்.

கடல் உணவு ஆலைகளில் இது உலகம் முழுக்கத் தெரிந்த நோய். கனடாவின் கியூபெக்கில் பனி நண்டு பதப்படுத்தும் 300-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்து கார்ட்டியே குழு 1984-ல் வெளியிட்ட ஆய்வில் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்குத் தொழில்சார் ஆஸ்துமா இருந்தது. வெவ்வேறு நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் கடல் உணவுத் தொழிலாளர்களில் 7 முதல் 36 சதவீதம் வரை சொல்கிறார்கள். அங்கே ஆலை வைத்திருப்பவரிடம் காற்றோட்டம் கேட்கலாம், நஷ்ட ஈடு கேட்கலாம். நம் ஷெட்டுகளில் கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவர் கையில் தான் அங்கே வேலை செய்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

சரி, சிகிச்சை. பம்ப் தொடர்ந்தது, பெட்னசாலை நிறுத்தினோம். ஆனால் மருந்தை ஏற்றிக்கொண்டே போய் அதே ஷெட்டில் உட்கார வைப்பது தீர்வு ஆகாது. முகக்கவசம் போட்டுப் பார்த்தார், அந்த ஈரத்தில் அரை மணி நேரத்தில் நனைந்து மூச்சு முட்டுகிறது என்று கழற்றிவிட்டார், நானும் வற்புறுத்தவில்லை. மேஸ்திரியிடம் கேட்டு ஐஸ் போட்டுப் பெட்டி கட்டுகிற பக்கம் மாறினார், இரண்டு வாரச் சார்ட்டில் எண்கள் பாதிதான் ஏறின. ஒரே கூரை, ஒரே காற்று. கடைசியில் தோல் சோதனைக் காகிதம்தான் வழி காட்டியது: துடுப்பு மீனுக்கு ஒவ்வாமை இல்லை. நாத்தனாரோடு சேர்ந்து துறைமுக ஏலத்தில் சங்கராவும் கிழங்கானும் எடுத்து, திறந்த வெளியில், மஞ்சக்குப்பம் பக்கம் தெருவில் விற்கத் தொடங்கினார். இறால் கூடையைத் தொடுவதில்லை. வருமானம் முதலில் குறைந்தது, அதை மறைத்து எழுத விரும்பவில்லை.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, ஆஸ்துமா என்றால் எல்லோருக்கும் ஒரே பம்ப்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அழற்சி எந்த வகை என்று பார்க்காமல் மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு மெப்போலிஸுமாப் என்ற மருந்தின் கதையே போதும். இயோசினோஃபிலை வரவழைக்கிற இன்டர்லூக்கின் 5-ஐ மடக்குகிற ஊசி அது. யாருக்கு எந்த வகை என்று பிரிக்காமல் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007-ல் வந்தபோது நோயாளிகளுக்குப் பெரிய பலன் ஒன்றும் தெரியவில்லை. பலர் அந்த மருந்தையே கைவிடலாம் என்றார்கள். 2009-ல் சளியில் இயோசினோஃபில் நிறைய இருந்தவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து இங்கிலாந்தின் லெஸ்டரிலும் கனடாவின் ஹாமில்டனிலும் கொடுத்துப் பார்த்தபோது தீவிரத் தாக்குதல்கள் நன்றாகக் குறைந்தன. 2015-ல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. அதே லெஸ்டரில் 2002-லேயே 74 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சளியில் உள்ள இயோசினோஃபிலைப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைத்தார்கள், மறு பாதிக்கு வழக்கமான முறை. வழக்கமான முறையில் 109 தீவிரத் தாக்குதல்கள், சளியைப் பார்த்த பக்கம் 35. அந்த ஊசி அக்காவுக்குத் தேவைப்படவில்லை, விலையும் அவருக்கு எட்டாது. ஆனால் எந்தச் செல் வருகிறது, அதை எது வரவழைக்கிறது என்ற கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான், அவருக்கான பதில் ஊசிக்குப் பதிலாக இடமாற்றமாக அமைந்தது.

ஷெட்டை விட்டு எட்டு மாதம் கழித்து வந்தபோது முதல் நொடிக் காற்று 1.94 லிட்டர், நைட்ரிக் ஆக்சைடு 24, ராத்திரி எழுந்து உட்காருவது நின்றிருந்தது. பம்ப் அளவைப் பாதியாகக் குறைத்தோம், நிறுத்தவில்லை. கியூபெக் நண்டுத் தொழிலாளர்களை வேலையை விட்டபின் தொடர்ந்து பார்த்த 1988 ஆய்வில் ஊதுகிற அளவு ஏறக்குறைய ஒரு வருடத்தில் ஏறி நின்றுவிட்டது, குழாயின் அதீத உணர்ச்சி அடங்க இரண்டு வருடம் வரை ஆனது, பலருக்கு முழுதாகப் போகவும் இல்லை. எவ்வளவு சீக்கிரம் விலகுகிறார்களோ அவ்வளவு நல்லது என்பது தெரிந்த விஷயம். அக்கா நான்கு வருடம் இளைப்போடு அங்கே உட்கார்ந்திருந்தார். ஏலத்தில் இறால் கூடைகள் கொட்டுகிற பக்கம் போனால் இப்போதும் தும்மல் வருகிறது.

அவரைப் பார்த்து அதே ஷெட்டிலிருந்து இன்னொரு அம்மா வந்தார், 55 வயது, அதே வீசிங் சீட்டு, தனக்கும் இறால்தான் என்று முடிவே செய்துவிட்டு வந்திருந்தார். சொல்லாமலே ஒரு நோட்டும் கையில் இருந்தது, பேரன் எழுதியது. சிவப்பு நாளிலும் நீல நாளிலும் எண்கள் 190-க்கும் 210-க்கும் நடுவே நகரவே இல்லை. இயோசினோஃபில் 140, நைட்ரிக் ஆக்சைடு 14, இறாலுக்குத் தோலில் ஒன்றுமில்லை, சால்புடமால் கொடுத்த பிறகும் அடைப்பு அப்படியே. முப்பது வருடம் விறகும் சவுக்கு மிளாறும் எரித்த அடுப்பு. அவருக்கு இருந்தது புகையால் வந்த நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். குழாயை விரித்து வைக்கிற டயோட்ரோபியம் கொடுத்து, அடுப்பை மாற்றச் சொல்லி, வேலையை விட வேண்டாம் என்று அனுப்பினேன்.